பாலின் வழியே வந்த தீங்கு: அணு உலை விபத்தும் தைராய்டுப் புற்றுநோயும்

அணு உலையில் விபத்து நேர்ந்தால், அது விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், உலகில் நேர்ந்த மிகப் பெரிய அணு உலை விபத்து ஆயிரக்கணக்கான சிறுவர் சிறுமியருக்குப் புற்றுநோயை உண்டாக்கியது எவ்வாறு என்று ஆராய்ந்தால், அந்த ஆராய்ச்சி நம்மை மேய்ச்சல் நிலத்திற்கும் மாட்டுத் தொழுவத்திற்குமே அழைத்துச் செல்கிறது. அந்நோயின் பெரும் பகுதியைத் தடுத்திருக்க இயலும். அதற்குத் தேவைப்பட்டவை அரிய கருவிகள் அல்ல. உரிய காலத்தில் ஓர் அறிவிப்பும், சில வாரங்கள் பாலை நிறுத்தி வைக்கும் ஏற்பாடும், சில மாத்திரைகளுமே. ஆகையால் பஞ்சாயத்து உறுப்பினர்களும் கறவை மாடு வளர்ப்போரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

தைராய்டு சுரப்பியும் அயோடினும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. உடலும் மூளையும் செவ்வனே வளர்வதற்கு வேண்டிய ஹார்மோனை இது உண்டாக்குகிறது. அதற்கு மூலப்பொருள் அயோடின். நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினை இரத்தத்திலிருந்து ஈர்த்துச் சேமித்து வைக்கும் வேலையை இச்சுரப்பி இடைவிடாது செய்து வருகிறது.

அணு உலையில் யுரேனியம் பிளவுறும்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று அயோடின்-131. இது கதிரியக்கம் உடையது. நல்ல அயோடினையும் கதிரியக்க அயோடினையும் பிரித்தறியும் ஆற்றல் தைராய்டு சுரப்பிக்கு இல்லை. இரண்டையும் ஒன்றுபோலவே சேர்த்துக் கொள்கிறது. உள்ளே தங்கிய அயோடின்-131 வெளிவிடும் கதிர்கள் சுரப்பியின் உயிரணுக்களைப் பழுதாக்குகின்றன. பழுதுற்ற உயிரணுக்களுள் சில, ஆண்டுகள் பல சென்றபின் புற்றாக மாறக்கூடும்.

எனினும் இந்த நஞ்சு நெடுநாள் நிலைப்பதன்று. 8 நாட்களில் அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைகிறது. 16 நாட்களில் கால் பங்காகிறது. 80 நாட்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே எஞ்சுகிறது. எனவே, விபத்திற்குப் பின் வரும் முதற் சில வாரங்களே இதனால் பேராபத்து விளையும் காலமாகும்.

பசு திரட்டித் தரும் நஞ்சு

காற்றில் கலந்த அயோடின், தூசியோடும் மழையோடும் இறங்கிப் புல்லின்மேற் படிகிறது. ஒரு சதுர அடிப் புல்லில் படிவது மிகச் சிறிதளவே. ஆனால் பசு நாள் முழுதும் பரந்த நிலத்தில் மேய்ந்து, அந்நிலமெங்கும் படிந்ததைத் தன் வயிற்றில் திரட்டிக் கொள்கிறது. ஓரிரு நாட்களில் அது பாலிலும் வந்து விடுகிறது. பாலின் நிறமும் மணமும் சுவையும் மாறுவதில்லை. காய்ச்சினாலும் அயோடின் நீங்குவதில்லை.

அப்பாலை மிகுதியாகக் குடிப்போர் குழந்தைகள். வயது வந்தவரின் தைராய்டு சுரப்பி ஏறத்தாழ 20 கிராம் எடையுள்ளது. ஒரு வயதுக் குழந்தையின் சுரப்பியோ ஏறத்தாழ 2 கிராம்தான். ஆகவே ஒரே அளவு அயோடின் இருவர் சுரப்பியிலும் சேர்ந்தால், குழந்தையின் சுரப்பி பன்மடங்கு அதிகக் கதிரியக்கத்தை ஏற்க நேரிடுகிறது.

1957: பாலைக் கொட்டிய பிரிட்டன்

இவ்வுண்மை முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது பிரிட்டனில். 1957 அக்டோபரில் அந்நாட்டின் வடமேற்குக் கடற்கரையிலுள்ள விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பற்றியது. தீ அணைக்கப்பட்ட சில நாட்களுக்குள், சுற்றுப்புறப் பண்ணைகளின் பால் சோதிக்கப்பட்டு, சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்பனை தடை செய்யப்பட்டது. கறந்த பால் ஆறுகளிலும் கடலிலும் கொட்டப்பட்டது. விவசாயிகளுக்கு இழப்பீடு அளிக்கப்பட்டது. சில வாரங்களுக்குப்பின் தடை நீங்கியது. பாலைக் கொட்டுவது எந்த விவசாயிக்கும் மனம் ஒவ்வாத செயலே. ஆயினும் குழந்தைகளின் உடலிற் சேர்ந்திருக்கக்கூடிய அயோடினில் பெரும் பகுதி இதனால் தவிர்க்கப்பட்டது.

1986: செர்னோபில் கிராமங்கள்

1986 ஏப்ரல் 26ஆம் நாள், நள்ளிரவு கடந்த வேளையில், அன்று சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்திருந்த உக்ரைனில் செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்கப் பொருள்கள் ஏறத்தாழ 10 நாட்கள் வெளிவந்த வண்ணமிருந்தன. அருகிலிருந்த பிரிப்பியாத் நகர மக்களுக்கு அயோடின் மாத்திரைகள் வழங்கப்பட்டன. மறுநாள் பிற்பகல் அவர்கள் பேருந்துகளில் வெளியேற்றப்பட்டனர். கிராமங்களுக்கு இப்பாதுகாப்பு உரிய காலத்திற் கிட்டவில்லை. நாட்டு மக்களுக்கு முதல் அறிவிப்பு ஏப்ரல் 28ஆம் நாள் மாலையில்தான் வந்தது. அதுவும் மிகச் சுருக்கமான அறிவிப்பே. பாலில் இருக்கத்தக்க அயோடினின் வரம்பு மே 6ஆம் நாளன்றே விதிக்கப்பட்டது.

அது வசந்த காலம். பசுக்கள் புதுப் புல்லை மேயத் தொடங்கியிருந்தன. கூட்டுப் பண்ணைப் பாலைச் சோதிக்க ஏற்பாடு வந்த பின்னரும், வீட்டில் வளர்த்த பசுவின் பாலைப் பல குடும்பங்கள் தொடர்ந்து குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தன. பெலாரஸ், உக்ரைன் பகுதிகளின் மண்ணில் இயற்கையாகவே அயோடின் குறைவு. அயோடினுக்கு ஏங்கியிருந்த சுரப்பிகள் கதிரியக்க அயோடினை மிகுதியாக ஈர்த்துக் கொண்டன.

நான்கு ஆண்டுகளுக்குள் விளைவு தெரியலாயிற்று. 1990 முதல் பெலாரஸில், சிறப்பாகக் கோமெல் வட்டாரத்தில், குழந்தைகளிடம் தைராய்டுப் புற்றுநோய் பெருகியது. அந்நாட்டு மருத்துவர்கள் 1992இல் இதனை உலகிற்கு அறிவித்தனர். இவ்வளவு விரைவில் புற்றுநோய் தோன்றுமோ என்று அயல்நாட்டு நிபுணர் பலர் ஐயுற்றனர். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் அம்மருத்துவர்கள் கூறியதை உறுதி செய்தன. விபத்தின்போது 18 வயதிற்குட்பட்டிருந்தோரிடையே, பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் மிகவும் பாதிக்கப்பட்ட நான்கு வட்டாரங்கள் ஆகியவற்றில், 1991 முதல் 2015 வரை 19,000க்கு மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கிற்குக் கதிரியக்கமே காரணம் என ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு மதிப்பிட்டுள்ளது. இந்நோய் பெரும்பாலும் குணமாகக் கூடியது. 2005 வரை பதிவான 6,000க்கு மேற்பட்டோருள் இறந்தோர் 15 பேரே. ஆயினும் சுரப்பியை அறுவை செய்து நீக்கியோர் வாழ்நாள் முழுதும் நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டியவராயினர்.

அதே நேரத்தில் அண்டை நாடாகிய போலந்து வேறு விதமாக நடந்து கொண்டது. ஏப்ரல் 29ஆம் நாள் முதல், சில நாட்களுக்குள், சுமார் 1 கோடியே 5 லட்சம் குழந்தைகளுக்கும் 70 லட்சம் பெரியவர்களுக்கும் அயோடின் மருந்து கொடுக்கப்பட்டது. புல் மேய்ந்த பசுக்களின் பாலைக் குழந்தைகளுக்குத் தருவது தடுக்கப்பட்டு, பால் பொடி வழங்கப்பட்டது.

2011: ஃபுகுஷிமா

2011 மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கத்தாலும் ஆழிப் பேரலையாலும் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சேதமுற்றது. பத்து நாட்களுக்குள் அவ்வட்டாரத்தின் பாலும் சில கீரைகளும் சந்தைக்குச் செல்லாமல் நிறுத்தப்பட்டன. குழந்தைகளின் சுரப்பி ஏற்ற கதிரியக்கம் செர்னோபிலைக் காட்டிலும் மிகக் குறைவாகவே இருந்தது. பின்னர் சுமார் 3 லட்சம் சிறுவர்களின் கழுத்து நுண்ணிய ஒலியலைக் கருவியால் சோதிக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோரிடம் புற்றுநோய் தென்பட்டது. கதிரியக்கம் இதற்குக் காரணமன்று. துன்பம் தராமல் மறைந்திருக்கும் சிறு கட்டிகளையும் அக்கருவி காட்டி விடுவதே காரணம் என்று ஐக்கிய நாடுகளின் குழு முடிவு கூறிற்று. அணு விபத்து ஏதும் நேராத தென் கொரியாவிலும், இத்தகைய சோதனை பரவியதால், 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டுப் புற்றுநோய்க் கணக்கு 15 மடங்காயிற்று. அந்நோயால் இறப்போர் தொகையோ மாறவில்லை. ஆகவே எண்ணிக்கையை மட்டும் கண்டு அஞ்சுவதும் தவறு; செர்னோபிலை மறந்து அலட்சியமாக இருப்பதும் தவறு.

மாத்திரையும் உப்பும்

பொட்டாசியம் அயோடைடு மாத்திரை, சுரப்பியை நல்ல அயோடினால் முன்னதாகவே நிரப்பி விடுகிறது. பின்னர் வரும் கதிரியக்க அயோடினுக்கு அங்கு இடமிராது. கதிரியக்கம் தாக்குவதற்குச் சற்று முன்போ, தாக்கிய சில மணி நேரத்திற்குள்ளோ உட்கொண்டால்தான் முழுப் பயன் உண்டு. குழந்தைகள், கருவுற்ற தாய்மார், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு முதலிடம் தரவேண்டும். அளவு வயதிற்கேற்ப மாறுபடும். அதிகாரிகள் அறிவித்தாலன்றி உட்கொள்ளலாகாது. சீசியம் முதலிய பிற கதிரியக்கப் பொருள்களிலிருந்து இம்மாத்திரை காப்பதில்லை.

உப்பை மிகுதியாக உண்டால் போதும் என்பது வீண் நம்பிக்கை. 2011இல் சீனாவில் மக்கள் கடைகளில் உப்பிற்காக முண்டியடித்தனர். ஒரு கிலோ அயோடின் உப்பில் கிடைப்பது 15 மில்லி கிராம் எனக் கொண்டால், பெரியவருக்கு மாத்திரை வழியே தரும் 100 மில்லி கிராம் அயோடினைப் பெற ஒரே வேளையில் 6 கிலோவிற்கு மேல் உப்பு உண்ண வேண்டும்! ஆனால் அன்றாடச் சமையலில் அயோடின் உப்பைப் பயன்படுத்துவது வேறு. அயோடின் குறையாத உடலில், விபத்துக் காலத்திலும் கதிரியக்க அயோடின் குறைவாகவே சேரும். செர்னோபில் ஆராய்ச்சிகளில், அயோடின் குறைந்த பகுதிகளிலிருந்த குழந்தைகளுக்குக் கதிரியக்கத்தால் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்காக இருந்தது.

கிராமங்களின் கடமை

நம் மாநிலத்தில் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. நிலையத்திற்கு வெளியே எடுக்க வேண்டிய நடவடிக்கைகளுக்கு மாவட்ட ஆட்சித் தலைவர் பொறுப்பாவார். அவ்வறிவிப்பு ஒவ்வொரு வீட்டிற்கும் காலந்தாழ்த்தாமல் சென்று சேர்வதற்குப் பஞ்சாயத்து துணை நிற்க வேண்டும்.

அறிவிப்பு வந்தவுடன் கறவை மாடுகளை மேய்ச்சலிலிருந்து தொழுவத்திற்குக் கொண்டுவந்து கட்டவேண்டும். மூடி வைத்த வைக்கோலையும், முன்பே சேமித்த தீவனத்தையும், மூடிய கிணற்று நீரையும் கொடுக்கவேண்டும். திறந்த வெளியில் விளைந்த கீரைகளைச் சோதனை முடியும்வரை பறிக்கலாகாது. சங்கத்திற்கு ஊற்றும் பாலை மட்டும் நிறுத்தினாற் போதாது. வீட்டுக் குழந்தைக்கென எடுத்து வைக்கும் பாலையும் நிறுத்தவேண்டும். கதிரியக்க அயோடின் மட்டுமே கலந்த பாலைப் பொடியாக்கிச் சில மாதங்கள் வைத்திருந்தால் அந்த அயோடின் தானே அழிந்துவிடும் என்பதையும், பால் நிறுத்தம் சில வாரங்களுக்கே என்பதையும் விவசாயிகளுக்கு எடுத்துரைத்தல் நலம்.

ஊரில் எத்தனை கறவை மாடுகள் உள்ளன, எந்தெந்த வீடுகளில் பால் குடிக்கும் குழந்தைகள் உள்ளனர், கருவுற்ற தாய்மார் எத்தனை பேர் என்பவற்றை ஊர்க்காரரினும் நன்கறிந்தவர் இலர். இக்கணக்கைப் பஞ்சாயத்து இன்றே குறித்து வைத்திருப்பின், அது வேறு பல நன்மைகளுக்கும் உதவும். ஆபத்து நேரின் முதல் மணி நேரத்திலேயே பயன்படும்.