உங்களுக்குத் தெரியுமா? அல்சைமர் ஆய்வுக்குத் தோள் கொடுத்தவர்கள்

அல்சைமர் நோயைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, யாரோ ஒரு நோயாளியின் கட்டிலருகே தொடங்கியதுதான். அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர்கள், அருகே உட்கார்ந்திருந்தவர்கள், குறிப்பெடுத்தவர்கள் சிலரைச் சந்திப்போமா?

● கீரை என்றார் அகஸ்டே
1901 நவம்பரில், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் 51 வயது அகஸ்டே டீட்டர். ஒரு நாள் மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது காலிஃபிளவரும் பன்றிக்கறியும். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்க, "கீரை" என்றார். கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதிவைத்த அந்த டாக்டர்தான் அலோய்ஸ் அல்சைமர். 1906-ல் அகஸ்டே இறந்ததும் அவரது மூளையை ஆராய்ந்து, அதே ஆண்டு டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் விளக்கினார். நோய்க்கு அல்சைமர் பெயரைச் சூட்டியது அவரது துறைத் தலைவர் எமில் கிரெப்லின், 1910-ல்.

● காணாமல் போன கோப்பு
அகஸ்டேயின் நோய்க்குறிப்புகள் பல பத்தாண்டுகள் எங்கிருக்கின்றன என்றே தெரியாமல் கிடந்தன. 1995-ல் ஃபிராங்ஃபர்ட்டிலேயே அந்தக் கோப்பு கிடைத்தது. கீரை என்ற பதில் நம் கைக்கு வந்தது அதனால்தான்.

● லைபீரியாவில் பிறந்தவர்
மியூனிக்கில் அல்சைமரிடம் பயின்றவர்களில் ஒருவர் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர். அமெரிக்காவின் முதல் கறுப்பின மனநல மருத்துவராக அறியப்படுபவர். மாசசூசெட்ஸில் வெஸ்ட்பரோ அரசு மருத்துவமனையில் இந்நோயை ஆராய்ந்து, 1912-லேயே விரிவான கட்டுரைகள் எழுதினார்.

● 'வயசானா அப்படித்தான்' என்பது தவறு
இங்கிலாந்தின் நியூகாசிலில் கேரி பிளெஸ்டு, பெர்னார்டு டாம்லின்சன், மார்ட்டின் ராத் ஆகியோர் முதியவர்களின் நினைவாற்றலை அவர்கள் உயிரோடிருக்கும்போதே சோதித்துவைத்தார்கள். இறந்தபின் அவர்கள் மூளையில் படிந்திருந்த திட்டுகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினார்கள். திட்டுகள் கூடக்கூட மறதியும் கூடியிருந்தது. 1968-ல் வெளியான இந்த ஆய்வு, முதுமை வேறு, நோய் வேறு என்பதற்கு வலுவான சான்றானது.

● அம்மாவுக்கு வந்த மறதி
உலகெங்கும் இன்று மருத்துவர்கள் எழுதித்தரும் டோனிபெசில் மாத்திரையை உருவாக்கிய குழுவின் தலைவர், ஜப்பானின் ஹச்சிரோ சுகிமோட்டோ. மறதிநோய் கண்ட அவருடைய தாய்க்குப் பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் போனது. அந்த வேதனைதான் அவரை இந்த ஆய்வுக்குத் தள்ளியது. 1996-ல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது.

● ஒரு கடிதம், ஒரு மரபணு
தந்தைக்கும் அவருடன் பிறந்தோருக்கும் ஐம்பதுகளிலேயே நோய் வருவதைக் கவனித்த ஆங்கிலப் பெண் கேரல் ஜென்னிங்ஸ், 1980-களில் லண்டன் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் குடும்பத்தின் ரத்தத்திலிருந்துதான் 1991-ல் ஜான் ஹார்டி, அலிசன் கோட் குழுவினர் நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். கேரலுக்கும் பின்னாளில் அதே நோய் வந்தது. 2024-ல் இறந்த அவர், தம் மூளையையும் ஆய்வுக்கே கொடுத்துச் சென்றார்.

● மலையேறிய நர்ஸ்
கொலம்பியாவின் மலைக்கிராமங்களில் இளவயதிலேயே மறதி தாக்கிய குடும்பங்களைத் தேடி டாக்டர் ஃபிரான்சிஸ்கோ லொபேரா அலைந்தார். கூடவே சென்று வீடு வீடாகப் பேசி வம்சாவளி வரைந்தவர் நர்ஸ் லூசியா மத்ரிகால். அந்த வம்சத்தைச் சேர்ந்த அலிரியா என்ற பெண்மணிக்கு நாற்பதுகளில் வர வேண்டிய மறதி எழுபதுகள் வரை வரவில்லை. அவரைக் காத்தது இன்னொரு அரிய மரபணு மாற்றமாக இருக்கலாம் என்று 2019-ல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். புதிய மருந்துக்கான ஒரு வழியை அது காட்டியது.

● கூட வருபவரும் ஆய்வில் உண்டு
அல்சைமர் மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் நோயாளியைத் தனியாகச் சேர்ப்பதில்லை. கூடவே ஒரு துணைவர் வர வேண்டும். கணவரோ, மனைவியோ, மகளோ யாராகவும் இருக்கலாம். "சில்லறையைச் சரியாக எண்ணி வாங்குகிறாரா? போன வாரக் கல்யாணம் நினைவிருக்கிறதா?" என்பது போன்ற கேள்விகளை அவரிடம் தனியாகக் கேட்பார்கள். நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்ற மதிப்பெண்ணில் அவர் சொல்வதற்கும் பங்குண்டு.

● கிடைப்பது மருந்தா என்றே தெரியாது
லெக்கனெமாப் மருந்தின் பெரிய சோதனையில் 1,795 பேர் கலந்துகொண்டார்கள். 18 மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளத்தில் ஊசி. ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏறியது மருந்தில்லாத பிளாசிபோ. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மதிப்பெண் போடுபவருக்கும் தெரியாது. மருந்து பெற்றவர்களிடம் நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்திருந்தது. சிலருக்கு மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் ஏற்பட்டன. பிளாசிபோ பெற்றவர்கள் பொறுமையாக வந்து போகாமல் இருந்திருந்தால், இந்தக் கணக்கே கிடைத்திருக்காது.

● கேம்பிரிட்ஜிலிருந்து கேரளத்துக்கு
கேம்பிரிட்ஜின் அடன்புரூக் மருத்துவமனையில் உருவான, 100 மதிப்பெண் கொண்ட நினைவாற்றல் சோதனையின் 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் பி.எஸ்.மதுரநாத். திருவனந்தபுரத்தில் பணியாற்றிய அவரே பின்னர் அதை மலையாளத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார்.

● சென்னையும் வேலூரும்
'10/66' என்பது ஓர் ஆய்வுக் குழுவின் பெயர். மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதில்லை என்ற ஆதங்கமே அந்த எண்கள். இக்குழுவின் ஆய்வில் சென்னை நகரத்து முதியவர்களும் வேலூர்ப் பகுதிக் கிராமத்து முதியவர்களும் இடம்பெற்றார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? தெரிந்த தெருவில் வழி தவறுகிறாரா? "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, அந்த நோட்டோடு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்சைமரும் அன்று அகஸ்டேயின் கட்டிலருகே எழுதித்தான் தொடங்கினார்.