நின்ற காரில் உறுமும் எஞ்சின்

பெட்ரோல் கார் நிற்கையில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் சுழலும் வேகம் ‘ஐடிலிங்’ எனப்படும்; குளிர்ந்த நிலையில் சற்றுக் கூடுதலாக இருந்து, சூடேறியதும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 700 முதல் 900 சுற்றுகளாகக் குறைவதே இயல்பு. அவ்வாறு குறையாவிடில், ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியுள்ளதா, காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு கரி படிந்து முழுதாக மூடாமல் நிற்கிறதா, விரிசல் விட்ட வேக்குவம் குழாய் வழியே கணக்கில் வராத காற்று நுழைகிறதா என முதலில் பார்த்தல் வேண்டும். இவை சரியாக இருப்பின், ஐடிலிங்கின்போது காற்றைச் சீராக்கும் ஐடில் வால்வையும், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் காட்டி வேகத்தைக் கூட்டும் பழுதான வெப்ப சென்சாரையும் ஸ்கேனர் கொண்டு சோதிக்கலாம். காரணம் அறியாமல் ஐடில் ஸ்குரூவைத் திருகுவது பழுதை மறைக்குமேயன்றி நீக்காது.