இணையத்தில் தேடும்போது எது தகவல், எது கருத்து?

 

பிள்ளைக்கு ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "இந்த ஊசி நல்லதா, கெட்டதா?" என்று செல்போனில் தேடும் தாய்மார்கள் நம் தெருக்களிலும் உண்டு. தேடுவது தவறில்லை. கிடைத்ததில் எது தகவல், எது ஒருவருடைய கருத்து என்று பிரிக்காமல் விடுவதுதான் ஆபத்து.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இந்த ஊசிக்கான பெரிய முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் போட்டார்கள். அதே வாரங்களில், "இது வெளிநாட்டுச் சதி", "போட்டால் பிள்ளைக்கு ஆபத்து" என்ற செய்திகள் வாட்ஸ்அப்பில் பரவின. பல பெற்றோர் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஒரு பெண்ணுக்கு ரூபெல்லா வந்தால், குழந்தை இதயக் கோளாறோடோ, கண்புரையோடோ, காது கேளாமலோ பிறக்கலாம். எனவே இது சாதாரண விஷயமல்ல.

முதலில் வேறுபாட்டைப் பார்ப்போம். 2023 டிசம்பர் வெள்ளத்தை வண்ணார்பேட்டையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. இது தகவல். வானிலை ஆய்வு மையத்தின் பதிவைப் பார்த்து எவரும் சரிபார்க்கலாம். "இன்னும் முன்கூட்டியே எச்சரித்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது" என்பது கருத்து. நியாயமான கருத்தாகவே இருக்கலாம். ஆனால் மழைமானியால் அதை அளக்க முடியாது. சொல்பவர் காட்டும் காரணங்களைக் கேட்டுத்தான் எடைபோட முடியும்.

சிக்கல் வருவது இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்போது. "அரசு இப்போதுதான் இந்த ஊசியைக் கொண்டுவந்திருக்கிறது, நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள்" என்ற செய்தியை இரண்டாகப் பிரியுங்கள். 2017இல் நம் மாநில அரசுத் திட்டத்தில் ரூபெல்லா ஊசி புதிது என்பது தகவல். "சோதனை" என்பது அதன் மேல் ஏற்றிய ஊகம். அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டிலேயே ரூபெல்லா தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த ஊகம் நிற்காது.

இன்னொன்று: தகவல் வடிவில் இருப்பதெல்லாம் உண்மையல்ல. "எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும்" என்பதற்கு ஒரு மூலம் உண்டு. 1998இல் 'தி லான்செட்' என்ற மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் மற்றவர்களும் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை அது. 2010இல் அந்த இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. ஆனால் பழைய செய்தி மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆகவே எதைப் படித்தாலும் நான்கு கேள்விகள் கேட்போம்.

யார் சொன்னது? ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால், யார் யாரிடம் கேட்டார் என்ற இஸ்னாதைப் பார்ப்பார்கள். தொடரில் ஒருவர் யாரென்றே தெரியாவிட்டால் அந்தச் செய்தி பலவீனமாகிவிடும். "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்" என்று வரும் ஃபார்வர்டில் முதல் ஆளே தெரியாது.

எப்போது சொன்னது? அதற்குப் பிறகு ஏதாவது மாறியிருக்கிறதா?

சரிபார்க்க வழி உண்டா? ஒரே செய்தி பத்துக் குழுக்களில் வந்தால் அது பத்துச் சாட்சியல்ல, ஒன்றுதான்.

என்ன வார்த்தைகள்? 'சதி', 'அதிர்ச்சி', 'உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்' போன்றவை நம் பயத்தைத் தொடுகின்றன. விவரம் எதையும் தருவதில்லை.

இதனால் கருத்தே வேண்டாம் என்று அர்த்தமல்ல. உங்கள் பிள்ளையைச் சோதித்துப் பார்த்த டாக்டர், "காய்ச்சல் குறைந்த பிறகு போடலாம்" என்றால் அதுவும் கருத்துதான். ஆனால் அது பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, படித்த படிப்பை வைத்துச் சொன்ன கருத்து. முகம் தெரியாதவர் சொல்வதும் அதுவும் ஒன்றாகாது.

இந்த ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு முறையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மறுமுறையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. மனதில் சந்தேகம் இருந்தால், உங்களுக்கு வந்த அந்தச் செய்தியையே எடுத்துப்போய் அங்குள்ள டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டுத் தெளியும் வரை அந்தச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருப்பதே நாம் செய்யும் முதல் உதவி.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.