1112-ஆம் ஆண்டுப் பணம்
நாஞ்சில் நாட்டு நாணயங்கள் – 7

போன வாரம் சக்கரப் பலகையைப் பார்த்தோம். பொடி வெள்ளிச் சக்கரங்களை அதில் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்து எண்ணிக்கை தெரிந்துவிடும். ஆனால் அவை எந்த ஆண்டில் அடித்தவை என்று அறிய வழியில்லை. ஆண்டு பொறிக்கும் வழக்கம் அவற்றில் இல்லை. முதல் ஆண்டு வெளியீட்டைத் தேடுபவர்கள் அதனால் பணத்துக்கு வருகிறார்கள்.

திருவிதாங்கூர்க் கணக்கில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். சித்திரைத் திருநாள் பாலராம வர்மா காலத்து வெள்ளிப் பணத்தில் கொல்லம் ஆண்டு உண்டு. அந்த வரிசையில் முதலாவது 1112. பிறகு 1116, 1121 என்று தொடர்கிறது. மன்னரின் தலை பொறித்த செம்புச் சக்கரத்தையும் விட்டுவிடக் கூடாது. அதில் இருப்பது 1114.

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆகவே டிசம்பர் வரை 824-ஐயும், ஜனவரி முதல் 825-ஐயும் கூட்ட வேண்டும். 1112 என்றால் 1936 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1937 ஆகஸ்ட் நடுவரை. பழைய பத்திரம் படித்துப் பழகிய நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

அந்த ஆண்டின் துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12 அன்று, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் சத்தியாகிரகம் நடந்த மண் இது. டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று நடத்திய போராட்டம். 1925-இல் கன்னியாகுமரிக் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத காந்தி, 1937 ஜனவரியில் மறுபடி இங்கே வந்தார். தலைமுறை தலைமுறையாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சன்னிதிக்குள் கால் வைத்த ஆண்டு 1112. இந்தச் சின்னஞ்சிறு வெள்ளிக் காசு அந்த ஆண்டைச் சுமந்திருக்கிறது. என் பார்வையில் இதன் மதிப்பு இதுதான். எடைக்கடை வெள்ளி விலை அதன் பக்கத்தில் நிற்காது.

வாங்கும்போது முதலில் ஆண்டின் கடைசி இலக்கத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். தேய்ந்த 1116-ஐ 1112 என்று சொல்லி விற்பவர் உண்டு. விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருந்தால் மாலையில் கோத்திருந்த காசு. விலையைக் குறைத்துக் கேட்கலாம். புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கறுப்பு படிந்திருப்பது குறையல்ல; தேய்த்தால் எழுத்தின் கூர்மை போய்விடும், போனது திரும்பாது.

வீட்டுப் பெட்டியில் ஒன்று கிடைத்தால் விற்குமுன் பிள்ளைகளிடம் கொடுத்து ஆண்டைப் படிக்கச் சொல்லுங்கள். 1112-இல் இங்கே என்ன நடந்தது என்பதையும் அப்போதே சொல்லிக்கொடுங்கள்.

(தொடரும்)