தபசு காலமும் முறையீடும்

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விடுதி உணவுக்கூடத்தில் நான் கோழிக்குழம்பை விடுத்து ரொட்டியும் பருப்பும் உண்பதைக் கண்ட நம் சங்கத்து நண்பர் ஒருவர், "உங்கள் மதத்திலும் விரதம் உண்டா?" என்று வியந்தார். அப்போது நான் கூறிய விடை அரைகுறையானது. அக்கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

எங்கள் பாட்டி இதைத் 'தபசு காலம்' என்பார். இன்று கத்தோலிக்கர் தவக்காலம் என்றும், சீர்திருத்த சபையார் லெந்து நாட்கள் என்றும் வழங்குவர். சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலைச் சாம்பற் புதனன்று நெற்றியில் பூசிக்கொள்வோம். அன்று முதல் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள். ஞாயிறு உயிர்ப்பின் நாளாகையால் அந்த ஆறையும் கழித்தால் 40. வனாந்தரத்தில் இயேசு நோன்பிருந்த நாட்களும் 40. வெள்ளிதோறும் புலால் விலக்கு. சாம்பற் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் முழு உணவு ஒரு வேளையே.

ஆனால் உணவை ஒறுப்பது இதன் வெளிப்புறந்தான். துன்பம் வந்தபோது கடவுளிடம் என்ன பேசுவது என்பதே இதன் உள்ளே இருக்கும் வினா.

விவிலியத்துச் சங்கீதங்கள் 150. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல் என்றால் நண்பர்கள் நம்புவார்களா? புகழ்ந்து பாடுவதே பக்தி என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். 22-ஆம் சங்கீதம், கடவுள் தன்னைக் கைவிட்டது ஏன் என்ற கேள்வியோடு தொடங்குகிறது. சிலுவையில் தொங்கிய இயேசு கதறிச் சொன்னது அதன் தொடக்கமே என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகின்றனர். அது பாதிக்குமேல் திரும்பி, நம்பிக்கையில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ திரும்புவதேயில்லை. இருளிலே தொடங்கி இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆயினும் அதை வேதத்திலிருந்து எவரும் நீக்கவில்லை. பலன் தராத சோதனையையும் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறோமே, அதுபோல.

சென்ற ஆண்டு தபசு காலத்தில் என் தந்தையார் பக்கவாதத்தால் விழுந்தார். ஊருக்குப் போக இரண்டு நாள் ரயில். தேர்வோ மறு வாரம். "தேர்வை முடித்துக்கொண்டு வா" என்று அம்மா தடுத்துவிட்டார். நான் கோயிலில் முழந்தாளிட்டு, "குணமாக்கும், குணமாக்கும்" என்று கேட்டுக் கேட்டுச் சொல்லற்றுப் போனேன். பிறகு ஒரு மாலையில் கோபித்துக்கொண்டேன். கோபம் தணிந்தபோது ஒன்று விளங்கிற்று: ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று எவரும் முறையிடுவதில்லை. நான் முறையிட்டுக்கொண்டிருந்தேன் என்பதே, உள்ளே ஒருவர் இருப்பதாக நம்பியதற்கு அடையாளம். அதற்குமேல் எனக்கு அறிவிப்பு ஏதும் வரவில்லை; அச்சம் மட்டும் சற்றுக் குறைந்தது. தேர்வையும் எழுதினேன், நன்றாக அல்ல.

தந்தையாரின் வலக்கை இன்னும் முழுதும் தேறவில்லை. இப்போது வெள்ளிதோறும் தொலைபேசியில் இருவரும் ஒரு சங்கீதம் வாசிக்கிறோம். 88 மட்டும் அவருக்குப் பிடிப்பதில்லை. "உன் புத்தகத்தில் கடைசி ஏடு கிழிந்துவிட்டதா, தம்பி?" என்று கேட்கிறார்.