காயம் கூறும் காலம்

ஒரு காயத்தைக் கண்டதும் நீதிமன்றம் வினாவுவது, அஃது எவ்வாறு உண்டாயிற்று என்பதை மட்டுமன்று. எப்போது உண்டாயிற்று என்பதையுமாம். மொனராகலைக் காட்டோரத்திற் காலையிற் காணப்படும் ஓர் உடலைக் கருதுவோம். அதன் காயம் உயிருள்ளபோது பட்டதா, இறந்தபின் காட்டு விலங்கினால் நேர்ந்ததா? சட்ட வைத்திய அதிகாரி கூறும் விடையைப் பொறுத்து அயலவன் ஒருவன் சிறை புகலாம், விடுதலையும் பெறலாம்.

நிறமும் வீக்கமும் சிலவேளை கண்ணை மயக்கும். ஆதலின் அறிஞர் பரம்பரையலகுகளையும் நாடினர். அவற்றுள் ஒன்று, நமது 4ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இன்ரலூக்கின்-8 என்னும் சிறு புரதத்தை ஆக்குவது. 1987 இல் இனங்காணப்பட்ட இப்புரதம், முதலில் 99 அமினோவமிலங்களாக உருவாகிப் பின் பெரும்பாலும் 72 ஆகக் குறுகும்.

தோல் சிதைந்ததும் கலங்கள் இவ்வலகை இயக்குகின்றன. முதலில் தூது ஆர்.என்.ஏ. பெருகும், அடுத்துப் புரதம் சுரக்கும், அதன் அழைப்பை ஏற்று வெண்குருதிக் கலங்கள் காயத்தை அடையும். குருதியோட்டம் நின்ற உடலில் இவ்வொழுங்கு முற்றாக நிகழாது. எனவே, எப்படி எதுவரை நடந்துள்ளது என்பதே காலத்தைக் காட்டும் கடிகாரமாகின்றது. ஜப்பானிய ஆய்வாளர் கொண்டோவும் அவர்தம் குழுவினரும் இப்புரதத்தை மனிதத் தோற் காயங்களில் ஆராய்ந்தனர்.

ஆயினும், கிருமித் தொற்றும் உடல் அழுகலும் இக்கடிகாரத்தைப் பிறழச் செய்யும். ஆகவே ஓர் அலகை மட்டும் நம்பித் தீர்ப்புரைத்தல் தகாது; நுணுக்குக்காட்டியும் பிற சான்றுகளும் துணைநிற்றல் வேண்டும். வாய்பேச இயலாதார்க்காக அறிவியல் சாட்சி கூறும் இத்துறையில் நம் கல்லூரி மாணவரும் புகுதல் வேண்டுமென விழைகின்றோம்.