ஹெரால்டுக்கும் எண்ணெய் ஸ்நானம்!

திருவண்ணாமலையில் செங்கம் சாலையோடு போய், ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு தெருவில் திரும்புகிறீர்கள். அங்கே உங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். பத்திரப் பதிவுச் செலவு கிடையாது, கற்பனை வீடுதான்! வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கொட்டகை. அதற்குள் தார்ப்பாய் மூடிய ஒரு சின்னக் கார், உங்கள் மாமனார் ஆசை ஆசையாக வாங்கி ஓட்டிய 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'.

"பழைய இரும்புக்காரன் எடைக்கு எடை தருவான். தள்ளி விட்டுடலாமா?" என்கிறார் கணவர்.

"மாமா வண்டிங்க அது!" என்கிறீர்கள் நீங்கள்.

சபாஷ்! விற்க வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த வண்டியில்தான் உங்கள் குழந்தைகளும் ஏறப் போகிறார்கள். ஆகையால் அதற்குப் புது வர்ணமும் புது வேகமும் தருவதற்கு முன்னால், அதை நம்பி ஏறக்கூடிய வண்டியாக்க வேண்டும். அதற்கு வழி என்ன? கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பொறுமை, கொஞ்சம் பிடிவாதம்.

நம் ஊர்ப் பிறப்பு

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹெரால்டின் ஜன்மஸ்தலம் அதுதான். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1960-களில் இந்தக் காரை அங்கே தயாரித்தது. மூலம் இங்கிலாந்து, 1959-ல் வெளியான 'டிரையம்ஃப் ஹெரால்டு'. உருவம் வரைந்தவரோ ஜியோவான்னி மைக்கலோட்டி என்ற இத்தாலியர். ஆகக் கூடி, இத்தாலிய முகம், ஆங்கில எலும்பு, தமிழ்நாட்டு உழைப்பு!

இந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு துடுக்குத் தம்பியும் உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, 1962-ல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். நம் பக்கத்திலோ சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த மோட்டார்ப் பந்தயங்களில் ஹெரால்டுகளே சீறிப் பாய்ந்தன. 948 ஸி.ஸி. எஞ்சினுக்கு அத்தனை ரோஷம்! கடைசியில் 'கஸல்' என்ற பெயரில் 1977 வரை இந்த வம்சம் நீடித்தது.

பெண்களுக்கு ஏற்ற வண்டி

ஹெரால்டின் பானட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கத்து மட்கார்டுகளும் விளக்குகளும் சேர்ந்து, முன்பக்கமே முழுசாக முன்னால் சாய்ந்து கொடுக்கும். எஞ்சின், ஸ்டியரிங், முன் சக்கரத்து அங்கங்கள் எல்லாம் சமையலறை அலமாரியைத் திறந்தாற்போல் கண் முன்னே தெரியும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கொண்டு வேலை பார்க்கலாம். புடவைத் தலைப்பை மட்டும் இழுத்துச் செருகிக் கொள்ளுங்கள். எஞ்சின் ஓடும்போது விசிறிக்கு அருகே தலைப்பும் கூடாது, பின்னலும் கூடாது. வண்டியின் அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். உறுதியான இரும்பு ஸ்டாண்டு கொடுத்த பிறகே கையை நீட்ட வேண்டும்.

கிரீஸ் வேண்டாம், தம்பி!

இப்போதுதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஓர் இரும்புத் தண்டு, கீழே பித்தளை நிறத்துக் கட்டை ஒன்றுக்குள் திருகாணிபோல் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கட்டைக்கு 'டிரனியன்' என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்டின் மரை அதற்குள் திரும்புகிறது.

இதற்கு வேண்டியது 90-ம் நம்பர் கியர் ஆயில். பழக்க தோஷத்தால் மெக்கானிக்குகள் கிரீஸை அடித்து விடுகிறார்கள். கிரீஸ் மரையின் அடி வரை இறங்குவதில்லை. நாளடைவில் கெட்டியாகி வழியை அடைத்துக் கொள்கிறது. தண்ணீர் புகுந்து இரும்பில் துரு ஏறுகிறது. மரை இறுகிப் போகிறது. ஒரு நாள், திருப்பத்தில், தண்டே முறிந்து முன் சக்கரம் மடங்கி விடுகிறது. ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்பு, இதே ஆபத்து.

"அம்மா, நல்லா கிரீஸ் அடிச்சுட்டேன், கவலையே வேண்டாம்" என்று மெக்கானிக் சொன்னால், "கிரீஸ் வேண்டாம் தம்பி, அதைச் சுத்தமா எடுத்துட்டு கியர் ஆயில் விடு" என்று சொல்லுங்கள். முன் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியிருக்க, பழைய அழுக்கு வெளியேறிப் புது எண்ணெய் கசியும் வரை ஏற்ற வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது இது அவசியம். மழைத் தண்ணீரில் ஓட்டியிருந்தால் உடனே. வளைவைத் தாண்டிய பின் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் முரண்டு செய்தால், அது எச்சரிக்கை மணி!

முதலில் நிற்கட்டும்

ஹெரால்டின் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் போவது ஒரே வழியில். ஒரே குழாயில் நான்கு வீட்டுக்குத் தண்ணீர் வருகிற மாதிரி. எங்கே உடைந்தாலும் நான்கு வீட்டுக்கும் இல்லை! அப்போது மிஞ்சுவது கம்பியால் இழுக்கும் கை பிரேக் ஒன்றுதான். எனவே ரப்பர்க் குழாய், துருப்பிடித்த இரும்புக் குழாய் எல்லாவற்றையும் மாற்றி விடுங்கள். பிரேக் ஆயிலோ மழைக்காலத்து உப்பைப்போல் காற்றின் ஈரத்தை இழுத்துக் கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் போது கொதித்துப் போனால் பெடல் பொக்கென்று அமுங்கி விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுவது உத்தமம். இரண்டு வழிகளாகப் பிரிக்கும் மாஸ்டர் ஸிலிண்டரை நல்ல நிபுணரைக் கொண்டு பொருத்த முடிந்தால், அதைவிடச் சிறந்த அபிவிருத்தி வேறில்லை.

அடுத்தது பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டோடு நாடெங்கும் நின்று போயிற்று. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயம் ஒரு மெத்தைபோல் உதவியது. எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் கடினமான உலோக இருக்கைகளை வைத்து விடச் சொல்லுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் சேர்கிறது. அது பழைய ரப்பரை அரிக்கும், கசிந்தால் தீப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாகப் பார்த்து வாங்குங்கள்.

கத்திரி வெயிலில் ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்திருங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது. பிரஷர் குக்கரைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டுமா? பௌர்ணமி கிரிவலத்தன்று வண்டியை வெளியே எடுக்கும் எண்ணமே வேண்டாம். பதினாலு கிலோமீட்டர் சுற்றுப் பாதையும் ஜனக் கடலாயிருக்கும் போது, நின்று நின்று ஊர்ந்தால் எந்தப் பழைய எஞ்சினுக்கும் ஜுரம் கண்டு விடும். கொட்டகையில் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் அடிக்கடி பாருங்கள்.

வேகப் பிரியர்களுக்கு

"கார்புரேட்டரை இரண்டாக்கினால் பறக்குமே!" என்பான் கல்லூரியில் படிக்கும் மகன். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித் தனியாக மேலும் கீழும் ஊசலாடும் அமைப்பு. வேகமாக வளையும் போது திடீரென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அவை உள்பக்கமாக மடிந்து பிடிப்பை இழக்கக்கூடும். பின்னால் வந்த கஸலில் ஒரே முழு அச்சாக மாற்றினார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து விட வேண்டும் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு இந்த நான்கும் சரியான பிறகுதான் கார்புரேட்டர்ப் பேச்சு!

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதி கேட்கச் சொல்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு முடிந்த பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 50 வயது தாண்டி, பெரிய மாறுதல் செய்யாமல் அசல் உருவத்தில் இருந்தால் 2021-ல் வந்த விதிப்படி 'விண்டேஜ்' வண்டியாகவும் பதியலாம்; ஆனால் அப்படிப் பதிந்ததைத் தினசரி கடைக்கும் பள்ளிக்கும் ஓட்ட முடியாது. எது வேண்டும் என்று குடும்பத்தோடு கூடிப் பேசி முடிவு செய்து விட்டு ஸ்பானரைத் தொடுங்கள்.

முதல் வேலையாக, இந்த ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் தூக்கி, அந்த டிரனியனில் இருப்பது எண்ணெயா கிரீஸா என்று பாருங்கள். கிரீஸ் என்றால், அதைக் கழுவி எண்ணெய் ஏற்றும் வரை சாவி உங்கள் முந்தானை முடிச்சிலேயே இருக்கட்டும்!